நல்லம்மாவின் பொட்டு

"பொட்டை அழி பிள்ளை. சனம் வரமுதல் அழிச்சுப்போட்டு இந்தச் சீலையை உடுத்திவிடு."

பரிமளம் மாமி வெள்ளைச் சீலையை நீட்டினாள். சிவாஜினி வாங்கவில்லை. இறந்துபோன தாய் நல்லம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தி, நெற்றியில் இப்போதுதான் அவள் குங்குமம் வைத்திருந்தாள்.

உப்புவெளிக் கடற்கரை ஒழுங்கையில் நல்லம்மாவின் பொட்டு முப்பத்துநாலு வருசமாக ஊர்வாயில் அரைபட்ட விசயம். தொண்ணூறாம் ஆண்டு வலைநூல் வாங்கச் சைக்கிளில் டவுனுக்குப் போன அவள் புருசன் இராசதுரை திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. அரசாங்கக் கச்சேரி, இராணுவ முகாம், விசாரணை ஆணைக்குழு என்று நல்லம்மா ஏறாத படி இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கூப்பிட்டபோது மட்டும் போகவில்லை. "பிரேதத்தைக் காட்டட்டும், பொட்டை நானே அழிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கருவாடு காயப்போட்டு விற்று மகளை வளர்த்தாள்.

ஊர் விடுமா? நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும். கடலுக்கு இறங்குகிறவன் அவளைக் கண்டால் சகுனப்பிழை என்று வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். சிவாஜினியின் கலியாணத்தில், தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தபோது நல்லம்மாவும் கையை நீட்டினாள். இதே மாமிதான் தட்டை இழுத்துக்கொண்டு, "மச்சாள், குசினியில பால் பொங்குது, போய்ப் பாருங்கோ" என்றாள். அடுப்பில் பால் இருக்கவேயில்லை. பெற்ற மகளுக்குத் தாலி ஏறுகிற நேரம் தாய் வெறும் அடுப்புக்கு முன்னால் நின்றாள். மணவறையில் இருந்த சிவாஜினிக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் பதினாலு வருசமாக அவள் நெஞ்சில் கிடந்து அரித்தது.

"அம்மா பொட்டோடதான் போவா, மாமி."

"விசர்க்கதை கதையாதை. புருசன் இல்லாதவளுக்குக் குங்குமம் வைச்சு அனுப்பினா குடும்பத்துக்கு ஆகாது."

"அப்ப அப்பா செத்துப்போட்டாரோ?"

பரிமளம் நீட்டிய சீலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கு வெள்ளி அம்மன் கோயிலில ஆரின்ர பேருக்கு அருச்சனை செய்யிறீங்கள்? பூரட்டாதி நட்சத்திரம், இராசதுரை, தீர்க்காயுசு எண்டு போன கிழமையும் செய்தனீங்கள். அவர் செத்திட்டார் எண்டு இதில வைச்சு உங்கட வாயால சொல்லுங்கோ. இப்பவே பொட்டை அழிக்கிறன். அவருக்கும் சேர்த்துக் கிரியை செய்யச் சொல்லி ஐயரிட்டையும் சொல்லுறன்."

அறையிலிருந்த பெண்கள் பரிமளத்தையே பார்த்தார்கள். இராசதுரை அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

"அதை என்னால சொல்ல ஏலாது, பிள்ளை" என்று அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். வெள்ளைச் சீலை மடியில் கிடந்தது.

சிவாஜினி குங்குமச் சிமிழை அவளிடம் நீட்டினாள். "அப்ப நீங்களே வடிவா வைச்சுவிடுங்கோ. நான் வைச்சது கோணலாப் போச்சு."

மாமி விரலால் மச்சாளின் குளிர்ந்த நெற்றியில் வட்டமாக வைத்தாள். வைத்ததும் உடைந்துபோய், "மஞ்சள் குங்குமத்தோட போறியே, என்ர மச்சாள்" என்று ஒப்பாரி எடுத்தாள். கலியாணத்தில் அவளோடு நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

சிவாஜினி அழவில்லை. சிமிழை மூடினாள்.

"என்ர கலியாணத்தண்டு இதை நீங்கள் வைச்சுவிட்டிருந்தா, மாமி, என்ர கழுத்தில தாலி ஏறினதை அம்மா கண்ணால பாத்திருப்பா."