பத்தாவது பெண்

தணிக்கை அதிகாரி கிரேடி திரைக்கதையைப் புரட்டிக்கொண்டே போனார். சிவப்புப் பென்சிலைத் தொடவே இல்லை. ஏதோ சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெல்மா ஹாட்ச்கிஸ் எழுதுவதையெல்லாம் பதினொரு வருடமாகத் தட்டச்சு செய்பவள் நான். வெட்டுப்படுவதற்கென்றே ஒரு குளியல்தொட்டிக் காட்சியையும் நீண்ட முத்தம் ஒன்றையும் சேர்த்து வைப்பது ஹாலிவுட்டில் எங்கள் வழக்கம். அவர் ஆசைதீர அவற்றை வெட்டுவார். எங்களுக்கு வேண்டியது பிழைத்துக்கொள்ளும். இந்த முறை மனிதர் குளியல்தொட்டியைச் சீண்டாமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"முத்தத்தையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க மிஸ் ஹாட்ச்கிஸ். எத்தனை வருஷம்தான் என் காதுல பூ சுத்துவீங்க? புருஷனைக் கொன்னவ ரயிலேறித் தப்பிச்சுப் போறா. அது நடக்காது. மாடியிலேருந்து விழுந்து சாகட்டும்."

"சாக மாட்டா," என்றாள் வெல்மா. "உங்களுக்காக இதுவரைக்கும் ஒன்பது பொம்பளைங்களைக் கொன்னிருக்கேன். சுட்டு, தண்ணியில தள்ளி, லாரியில அடிச்சு. போதும்."

அவள் குரல் உயரவில்லை. திங்கட்கிழமை படப்பிடிப்பு. வெல்மா தயாரிப்பாளராகவும் நிற்கும் முதல் படம். அனுமதி இல்லாமல் திரும்பினால் படத்தைப் பிடுங்கி வேறு யாராவது ஓர் ஆணிடம் கொடுத்துவிடுவதாக ஸ்டூடியோ முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். காகிதத்தில் இருக்கும் ஒருத்தி உயிர் பிழைக்க இத்தனை வருட உழைப்பைப் பணயம் வைப்பதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கிரேடி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, போலீஸ்ல மாட்டட்டும். ஆனா செஞ்சதுக்கு வருத்தப்படணும். முகத்துல தெரியணும்."

வெல்மா என் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோ மேபெல். போலீஸோட வாசல்லேருந்து காருக்கு நடக்கிறா. முகத்தில் வருத்தம்."

கிரேடி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். "கடைசியில விட்டுக்குடுத்துட்டீங்களே," என்றேன் காரில்.

மூன்றாவது வாரம் அந்தக் காட்சி. நடிகை கோரா லிண்ட் கண்ணில் நீரை வரவழைத்துக்கொண்டு தயாராக நின்றாள். இயக்குநர் காமிராவை அவள் முகத்துக்கு நேரே வைத்திருந்தார். வெல்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள்.

"வெறும் முதுகுதானே தெரியும்?" என்றார் இயக்குநர்.

"தெரியட்டும். காமிரா எங்க நிக்கணும்னு சொல்லத்தான் தயாரிப்பாளர் ஆனேன்."

"வருத்தம்னு எழுதியிருக்கே," என்றாள் கோரா.

"தாராளமா வருத்தப்படு. நிமிர்ந்து நட, அது போதும்."

நான் வெல்மாவின் காதருகே போனேன். "படத்தைப் பார்த்துட்டு, திரும்ப எடுங்கன்னு கிரேடி சொன்னா?"

"எடுக்கிறதுக்கு வீடு இருக்காது. காட்சி முடிஞ்சதும் செட்டைப் பிரிக்கச் சொல்லிட்டேன்."

சுவருக்குப் பின்னால் தச்சர்கள் சுத்தியலோடு தயாராக நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

காமிரா ஓடத் தொடங்கியது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கோட்டு ஒன்று படியிறங்கிப் போனது. ஒருவர் கார் கதவைத் திறந்துவிடக் கை நீட்டினார். அவரை முந்திக்கொண்டு அவளே திறந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.