ஒரு சாண் இடைவெளி

தட்டு வருகிறது, அலுமினியத் தட்டு, விளிம்பிலிருந்து கஞ்சி தெறிக்க அரைவட்டம் போட்டு வருகிறது, வீசுகிற கை என்னுடையது, எதிரே இருக்கும் முகம் ஞானப்பிரகாசத்தினுடையது, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும், சினிமாச் சண்டைக்காரன் பிழைப்பே அந்த ஒரு சாணில்தான், அடி வாங்குகிறவன் இடது காலால் தரையை ஓங்கி மிதிப்பான், முகத்தை இழுத்துக்கொள்கிறேன், இனி நீ வீசலாம் என்று அர்த்தம், மிதிக்கும் முன் வீசுகிறவனை யூனியனில் எவனும் மதிக்க மாட்டான். திருவொற்றியூரில் மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குச் சாம்பல் நிறம் பூசி ஜெயிலாக்கியிருந்தார்கள், குங்ஃபூ கற்ற கைதிகள், தொப்பை வார்டன், பதினேழே நாளில் எடுத்த சிரிப்புப் படம், சாப்பாட்டுக்கூடச் சண்டையில் முழங்கை கிழிந்து பல் ஆடி உருண்டுகொண்டிருக்கிறோம், எது சாயம் எது ரத்தம் என்று ஈக்களுக்கே தெரியவில்லை, இன்னாடா மச்சான், பூ போடுற மாரி வீசுற, நல்லா வீசு என்று சிரித்தபடி ஞானம் முன்னால் வருகிறான், கொட்டிக் கிடந்த கஞ்சியில் அவன் இடது கால் வழுக்கித் தரையில் மோதுகிறது, மிதித்துவிட்டான் என்று என் கை நம்பியது, பாதி வழியில் அது வழுக்கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கை நிற்கவில்லை, விளிம்பு அவன் இடது கண்ணில் இறங்கியது, ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம், அவன் கஞ்சியில் குப்புற விழுந்தான், செட்டே சிரித்தது, டைரக்டர் ஓகே என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யூனியன் தலைவர் கேட்கிறார், மிதிச்சானா இல்லியா, மிதிச்சான் அண்ணே என்கிறேன், இல்லை என்றால் என் யூனியன் கார்டைப் பிடுங்கிவிடுவார்களே, ஞானத்துக்கு அந்த நாளே நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தது, நான் சொன்னதை நம்பினான், மிதிச்சிட்டு மூஞ்ச இழுக்க மறந்துட்டேன்டா, தப்பு என்னுது, நீ இன்னா பண்ணுவ என்று ஒற்றைக் கண்ணோடு ஆறு வருஷம் என்னைத் தேற்றினான்.

தியேட்டரில் மூன்றே நாள் ஓடிய படம் இப்போது டிவிடியாக வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஞானத்தின் வீடு, அவன் மகள் டெய்சி வாங்கி வந்தாள், உக்காருங்க மாமா, அப்பா படம், சாப்டுகினே பாக்கலாம், மீன்குழம்பு, சிரிப்பு, உதை, மறுபடியும் சிரிப்பு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் நேர்ந்த தவறுகளையெல்லாம் வேடிக்கையாக ஒட்டிவைத்திருக்கிறார்கள், அவன் விழுவதை மட்டும் மெதுவாக மூன்று முறை, கொர்ரென்று ஒரு கோமாளி இசையோடு, டெய்சியின் சிரிப்பு நின்றது, ஞானம் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினான், திரையில் தன் காலைப் பார்த்தான், மறுபடியும் ஓட்டினான், நான் மிதிக்கலியே, வழுக்குது, நீ பாத்த இல்ல என்றான், பாத்தேன்டா என்றேன், அன்னிக்கேவா, அன்னிக்கே.

அவன் எழுந்தான், சோற்றை ஒரே இழுப்பில் தரையில் வழித்துத் தள்ளிவிட்டு எவர்சில்வர் தட்டை விளிம்பில் பிடித்தான், எந்திரிடா என்றான், அப்பா வேணாம்ப்பா என்று டெய்சி அவன் கையில் தொங்குகிறாள், உதறினான், அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள், மிதிடா என்றான், நிற்கிறான், மூச்சு வாங்குகிறான், காத்திருக்கிறான், நான் மிதிக்காமல் வீச மாட்டான், அவன் அப்படிப்பட்ட சண்டைக்காரன், கதவு திறந்துதான் இருக்கிறது, நான் இடது காலை ஓங்கி மிதித்தேன், தட்டு வருகிறது, விளிம்பிலிருந்து குழம்பு தெறிக்க அரைவட்டம் போட்டு வருகிறது, இப்போது கை அவனுடையது, நடுவே சரியாக ஒரு சாண் விட்டுத்தான் வீசியிருக்கிறான், நான் முகத்தை முன்னால் கொடுத்தேன்.