உப்புப் போட்ட சோடா

"இதயம் முழுசாச் சரியாயிருச்சும்மா. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு" என்று டாக்டர் மஹாலட்சுமி திரையைப் பார்த்துச் சொன்னபோது நாகவல்லிக்குக் கன்னத்தில் அறை வாங்கினாற்போல் இருந்தது. நெஞ்சில் தடவிய ஜெல்லின் குளிர்ச்சிகூட இன்னும் போகவில்லை. அதற்குள் சரியாகிவிட்டதாம். ஒன்றுமே நடக்கவில்லையாம். தையில் போன பிள்ளை, இது ஆடி. பெற்றவளுடைய நெஞ்சு அரை வருஷத்துக்குள் பழையபடி துடிக்கத் தொடங்கிவிட்டதென்றால் அது என்ன நெஞ்சு, தூ, என்று தன்மேலேயே அவளுக்குக் கசந்து வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சின்ன வயசு டாக்டர். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, துடைத்துக்கொள்ளப் பஞ்சை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அய்யப்பன் வயரிங் வேலை பார்த்தவன். பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டனூரில் யாரோ ஒரு பழைய பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருக்க, அங்கே ஈரச் சுவரில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. அறுத்துத் தைத்து, மறுநாள் மத்தியானம் நாச்சியாபுரத்துக்குக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். துணிக்கு வெளியே கறுத்த விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாகவல்லி அதை மட்டும்தான் பார்த்தாள். நெஞ்சுக்குள் உலக்கையை இறக்கினாற்போல ஒரு வலி. பிள்ளையை இறக்கிய வாசலிலிருந்தே அவளை ஆம்புலன்சில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஞ்சியோ செய்து பார்த்ததில் குழாயில் ஓர் அடைப்பும் இல்லை. துக்கம் தாக்கி இதயத்தின் சதை சோர்ந்துபோய்விட்டது, மாரடைப்பு மாதிரியே வரும், ஆனால் மாரடைப்பு இல்லை என்று மஹாலட்சுமி படத்தைக் காட்டிச் சொன்னார். மேல்பாகம் சுருங்கி விரிகிறது, அடிப்பாகம் ஊதிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. ஜப்பான்காரர்கள் இதற்கு ஒரு பானையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களாம். பார்த்தால் பானைதான், கழுத்து சிறுத்து அடி பருத்த குடம். அநேகமாகப் பெண்களுக்குத்தான் வரும், பிழைத்துக்கொண்டால் சில வாரங்களில் தேறிவிடும். ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நாகவல்லியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது பெண்டுகள் கையைப் பிடித்து இறக்கினார்கள். பெத்த நெஞ்சுல்ல, வெடிச்சுப்போச்சு என்றார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருந்ததை மறைப்பானேன். பிள்ளைக்கு வாய்க்கரிசிகூடப் போடாதவள், தெரு முக்கு வரை கூடப் போகாதவள். அவளுடைய துக்கத்துக்குச் சாட்சியாக இருந்தது அந்தக் குடத்துப் படம் ஒன்றுதான். இன்றைக்கு அதையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்றைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்த ஓரகத்தி சோணையம்மாள், கஞ்சியோடு ஒரு சேதியையும் வைத்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்புகிற வழியில், மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக, அவள் புருஷன் பாண்டிமுருகன் பஸ் ஸ்டாப் கடையில் நின்று சோடா வாங்கிக் குடித்தாராம். அதுவும் உப்புப் போடச் சொல்லிக் கேட்டுக் குடித்தாராம். ஊரே பார்த்ததாம்.

"தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாக. இந்த மனுசனுக்கு எதுவும் ஆடல பாத்தியா?" என்றாள் சோணையம்மாள்.

நாகவல்லி கஞ்சியைத் தொடவில்லை. மகனுக்குக் கொள்ளி வைத்த கை ஆறுமுன்னே தொண்டை ருசி கேட்டதா? முப்பது வருஷம் ஒரு கல்லோடா குடும்பம் நடத்தினோம் என்று வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியவள்தான். தட்டில் சோற்றைப் போட்டு வாசற்படியில் வைப்பாள். அவர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

வெறுக்கத் தொடங்கிவிட்டால் பார்க்கிறதெல்லாம் அதற்குத் தோதாகத்தானே தெரியும். அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவள் பார்க்கவில்லை. அவள் ஐசியூவில் கிடந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டு, அறுப்பு மெஷின் வந்துவிட்டதென்று வயலுக்குப் போனார். மாசியில் ஆடுகளை ஒட்டுமொத்தமாக விற்றார். அய்யப்பன் குட்டியாகத் தூக்கிவந்து வளர்த்த செம்மறிக் கிடாயைக்கூட விட்டுவைக்கவில்லை. மேய்க்க முடியலை என்று வாங்க வந்தவனிடம் சொன்னார். சோம்பேறித்தனம் பார் என்று அவள் உள்ளிருந்து நினைத்தாள். வீட்டுக்குள் படுப்பதையும் விட்டார். மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மகன் புழங்கிய வீடு அவருக்கு ஆகாமல் போய்விட்டது போல. கண்மாய்க் கரை ஏறும்போது பாதியில் நின்றுவிடுவார், இடுப்பில் கை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு. வேடிக்கை பார்க்கிற நேரமா இது என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எக்கோ அறையை விட்டு வெளியே வந்தவளை ஆராய்ச்சிக்கு என்றே இருக்கிற நர்ஸ் அனுசுயா பெஞ்சில் உட்காரவைத்தாள். மானாமதுரைப் பக்கத்துப் பெண், வாய் நிறையப் பேசுகிறவள். அவர்களுக்கு இன்னோர் ஆள் வேண்டுமாம். அதே துக்கத்தைப் பட்டு, நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாத ஆள்.

"தாங்குன நெஞ்சையும் பாத்தாத்தான சின்னாத்தா, தாங்காத நெஞ்சு ஏன் தாங்கலன்னு தெரியும். ஒரே வீடு, ஒரே சாவு. அப்பிடி ஒங்க வீட்டுல யாரும் இருக்காகளா?"

நாகவல்லிக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "இருக்காரு. நல்ல கருங்கல்லு" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். மெஷின் பொய் சொல்லாது. அவளுடைய நெஞ்சு உடைந்ததைச் சொன்ன மெஷின், அவருடைய நெஞ்சில் ஒரு கீறலும் இல்லை என்பதையும் சொல்லட்டும். டாக்டரம்மா வாயால் அந்த ஒரு சொல் வந்தால் போதும், பாத்தீகளா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, அப்படியே ஒக்கூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டியது. இனி அந்த வீட்டில் சோறு வடிப்பதில்லை. நினைக்க நினைக்க அது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

மாட்டுக்கொட்டகையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். "காரைக்குடி ஆஸ்பத்திரியில ஒங்களையும் பாக்கணுங்குறாக. வாரீகளா?"

பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வாரேன் என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. மறுவாரம் போகிற அன்று காலையிலேயே முகம் மழித்து, அய்யப்பன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சட்டை தொளதொளவென்று கிடந்தது. நாகவல்லி இரண்டு சேலையைப் பையில் திணித்து எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, பை கனமா இருக்கா, குடு என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

எக்கோ அறைக்குள் அவளும் கூடவே போனாள். அவர் சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் தந்தார். விலா எலும்பு தெரிந்தது. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. மல்லாந்து படுத்ததும் இருமல் வந்தது. தலையணையை உயர்த்தி வைத்து, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மஹாலட்சுமி கருவியை நெஞ்சில் வைத்தார். அனுசுயாவோடு ஏதோ பேசிக்கொண்டே வைத்தவர், பேச்சைப் பாதியில் விட்டார்.

நாகவல்லி திரையைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் படம் பழகிப்போயிருந்தது. மேலே கழுத்து சுருங்கி விரிந்தது. கீழே குடம். அடிப்பக்கத்துச் சதை ஆடாமல் கிடந்தது. இது என்னோட பழைய படம்ல, அதை எதுக்கு இப்பப் போடுறாக என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அவர் இருமினார். திரையில் குடம் குலுங்கியது.

மஹாலட்சுமி இன்னொரு டாக்டரைக் கூட்டிவரச் சொன்னார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஆம்பளைகளுக்கு இது வருவது அபூர்வம், ஆராய்ச்சியில் இவர் ரெண்டாவது ஆம்பளை என்று அனுசுயாவிடம் சொல்லும்போது மஹாலட்சுமியின் சின்ன முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாகவல்லி பார்ப்பதைக் கண்டதும் அது அணைந்துவிட்டது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு அருகே உட்கார்ந்தார். மூச்சு வாங்குவது எப்போதிலிருந்து, நெஞ்சு வலி எப்போது வந்தது என்று கேட்டார்.

பாண்டிமுருகன் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "மகனுக்குக் குடம் ஒடைக்கையில வந்துச்சுங்க. தோள்ல குடத்த வச்சுச் சுத்தி வாரோம்ல, மூணாஞ்சுத்துல நெஞ்ச அப்பிடியே பெசஞ்சிருச்சு. வாயுன்னு நெனச்சேன். வர்ற வழியில உப்புப் போட்டு ஒரு சோடாக் குடிச்சேன். ஏப்பம் வரல."

மடித்த சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நாகவல்லி அவர் அருகே போனாள்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல நீக?"

"நீ ஐசியூவுல கெடந்த. நானும் விழுந்துட்டா அவனுக்கு யாரு கொள்ளி வைக்கிறது?"

"பெறகாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

குறை சொல்கிற மாதிரி இல்லை. நேற்று மழை பெய்ததா என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "பெறகு நீ எங்கூடப் பேசவே இல்லையே."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் நாகவல்லியின் காதில் விட்டுவிட்டுத்தான் விழுந்தது. இது துக்கத்தில் வந்ததா, நிஜ மாரடைப்பா என்று ஆஞ்சியோ செய்தால்தான் உறுதியாகத் தெரியும். அன்றைக்கே படுத்திருந்தால் தேறியிருக்கலாம். அதோடு வயலுக்கும் போய் உழைத்திருக்கிறார். இதயத்தின் அடியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கிறது. அது பெயர்ந்தால் மூளைக்குப் போகும், எப்போது என்று சொல்ல முடியாது. இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புவதற்கில்லை. அனுசுயா அவர் தோளில் போர்வையைப் போட்டுவிட்டு, நாங்க தேடுன ஆளு இவுக இல்ல சின்னாத்தா என்று மட்டும் சொன்னாள்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவர், நீ சாப்பிடலையே, அங்குட்டுக் கடையில எதாச்சும் சாப்பிடு என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாகவல்லி வாயைத் திறந்தாள். அரை வருஷமாக அடைத்து வைத்த வாய். எதை முதலில் சொல்வதென்று அதற்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. படுக்கைக்கு ஒரு துண்டு, டம்ளர், தட்டு வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினார்கள்.

வெளியே நல்ல வெயில். ரோட்டைத் தாண்டிப் பெட்டிக்கடையின் முன்னால் போய் நின்றாள். ஒரு கையில் சேலைப் பை, இன்னொரு கையில் அவர் சட்டை. துண்டு கேட்கத்தான் வந்தாள். கடைக்காரர் என்னம்மா என்று இரண்டாம் தடவை கேட்ட பிறகு, "ஒரு சோடா. உப்புப் போட்டு" என்றாள்.

பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாட்டிலை வாங்கினாள். பஸ்ஸுக்கு நின்றவர்களும், ஆஸ்பத்திரி வாசலில் சோற்று வாளியோடு உட்கார்ந்திருந்தவர்களும் பார்க்க, நடுரோட்டு வெயிலில் நின்று அண்ணாந்து குடித்தாள். நுரை மூக்கில் ஏறிக் கண்ணெல்லாம் நீராகக் கொட்டியது. நிறுத்தாமல் குடித்தாள். முடித்ததும், வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏப்பத்துக்காகக் காத்து நின்றாள். உள்ளே போனது நெஞ்சுக்குக் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. காலிப் பாட்டிலுக்காகக் கடைக்காரர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.