வலையில் வந்த வழிகாட்டி

கிரேக்க நாட்டின் பாக்சோஸ் தீவில் எவாந்தியாவுக்கு யாரும் ஒரு கைப்பையைக்கூடத் தூக்கிக் கொடுத்ததில்லை. கொடுக்க வந்தாலும் அவள் விடமாட்டாள். புருஷன் சரக்குக் கப்பலில் போனவன் எங்கோ ஒரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட நாளிலிருந்து, வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றுவது, மழைத்தொட்டியில் இறங்கிக் கழுவுவது, பனிக்காலத்துக்கு விறகு பிளப்பது எல்லாம் அவளேதான். ஊரில் சிலர் அதைத் திமிர் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினொரு வருடமாக வழிகாட்டி வேலை. காலை எட்டு மணிக்கு லாக்காத் துறையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஆலிவ் தோப்புகளுக்குள் புகுந்து மேற்குக் கரைக்குக் கூட்டிப்போவாள். வெள்ளைப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடம் அது. நடுவில் கூழாங்கல் நிறைந்த ஒரு சின்ன வளைகுடா. அங்கே குளிக்க விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். இந்தப் பதினொரு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்த மே மாதக் காலையில் வந்தவர்கள் நான்கு பெண்கள். வடக்கே கொஸானி பக்கம் க்ரோகோஸ் என்ற ஊர். நான்கு பேருமே குங்குமப்பூ பயிரிடுகிறவர்கள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தீவைப் பார்க்க வந்திருந்தார்கள். மூத்தவள் சுல்தானாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவள் வாய் ஓய்ந்த நேரம் கிடையாது. அவளுடைய தம்பி மனைவி வாயா ஆறடி உயரம், அகலமும் அதற்கேற்ப. பேச்சு மட்டும் சிக்கனம். டிராக்டர் ஓட்டும் டோம்னாதான் இருப்பதில் இளையவள், ஐம்பத்துநாலு. நான்காமவள் ஆன்தூலா வழியெல்லாம் எதையாவது மென்றுகொண்டே வந்தாள்.

தோப்புக்குள் நுழைந்ததும் சுல்தானா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, இந்த மரமெல்லாம் ஏன் இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது? யார் மேல கோவம்?"

"காத்து மேலம்மா," என்றாள் எவாந்தியா.

"எங்க ஊர்லயும்தான் காத்தடிக்குது. மரம் நேராத்தான் நிக்கும். நாங்கதான் முறுக்கிக்குவோம்."

"அது எனக்குத் தெரியாதா அண்ணி?" என்றாள் வாயா. அன்று காலை அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் எங்கோ மேய்ந்த ஆடுகள் மணியடித்துக்கொண்டு விலகி ஓடின.

வளைகுடாவில் முழங்கால்வரை இறங்கி நின்று, தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, "உப்பா இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். பத்தரை மணிக்குத் திரும்பி மேலே ஏறத் தொடங்கினார்கள். சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல்லடுக்குச் சுவர்கள். ஒவ்வொரு சுவருக்கு மேலும் ஒரு வரிசை ஆலிவ் மரங்கள். இரண்டாவது அடுக்கில் ஏறும்போது கடலிலிருந்து ஒரு காற்று வந்து சுல்தானாவின் வைக்கோல் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்குக் கீழே போட்டது.

"விட்டுத் தொலைம்மா, அது பழசு," என்றாள் சுல்தானா.

எவாந்தியா அதற்குள் சுவரிலிருந்து குதித்திருந்தாள். ஆயிரம் தடவை குதித்த சுவர்தான். காலுக்கடியில் இருந்த கல் புரண்டது. ஈரத்துணியை உதறுவது போல ஒரு சத்தம் கேட்டது. அது தன் காலிலிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது.

"ஒண்ணுமில்ல. லேசா சுளுக்கிருச்சு. நடந்துருவேன்," என்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் விழுந்தாள்.

சுல்தானா கீழே இறங்கி வந்து பார்த்தாள். "பொண்ணே, நீ ஒரு பக்கம் பாக்குற, உன் கால் ஒரு பக்கம் பாக்குது. பேசாம உக்காரு."

செல்போனில் சிக்னல் இல்லை. கடலைப் பார்த்த சரிவு. வெயில் நேராக முகத்தில் அடித்தது. மேலே போனால் சிக்னல் கிடைக்கும் என்று எவாந்தியா சொல்ல, டோம்னா ஆட்டுக்குட்டி போல அடுக்கடுக்காகத் தாவி ஏறிப் போனாள். சுல்தானா, மலையேற எல்லாரும் கொண்டுவந்திருந்த ஊன்றுகோல்களில் இரண்டைக் காலின் இருபுறமும் வைத்து, தன் கழுத்துத் துணியையும் ஆன்தூலாவின் மேல்சட்டையையும் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது எவாந்தியா பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, உங்க நாளைக் கெடுத்துட்டேன்," என்றாள்.

சற்று நேரத்தில் மேலிருந்து டோம்னாவின் குரல் வந்தது. ஆம்புலன்ஸ் வருகிறது, ஆனால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தார்ச்சாலைவரைதான் வரும். அதற்கு மேல் வண்டிக்குப் பாதை இல்லை. அலை பெரிதாக இருப்பதால் படகும் கரைக்கு ஒட்டாது. யாராவது ஆள் கிடைக்கிறார்களா என்று அவள் இன்னும் மேலே தேடிப் போகிறாள்.

"இந்த வெயில்ல இவளை இங்க வறுக்க முடியாது. நாமளே தூக்கிருவோம்," என்றாள் சுல்தானா.

"எதுல தூக்குறது?" என்று கேட்ட ஆன்தூலா முதல் தடவையாக மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

வாயா சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்த மரத்தின் கவட்டையில் கறுப்பு வலை ஒன்று சுருட்டிச் செருகியிருந்தது. பனிக்காலம் முழுக்க மரத்தடியில் விரித்து, உதிரும் காய்களைப் பிடிக்கும் வலை. வாயா அதில் கை வைத்ததும் எவாந்தியா பதறிப்போனாள்.

"அதைத் தொடாதீங்க! அது ஸ்தமாத்திஸோடது!"

ஸ்தமாத்திஸின் தோப்பு அது. நான்கு வருடத்துக்கு முன்னால், நடக்க வருகிறவர்கள் வழி தவறக்கூடாது என்று அவனுடைய மூன்று மரங்களில் எவாந்தியா சிவப்புச் சாயத்தில் அம்புக்குறி போட்டாள், அவனைக் கேட்காமல். காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் அவன் கத்தினான், என் மரம் என்ன உன் விளம்பரப் பலகையா என்று. அவளும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவள் தன் ஆட்களை அவன் தோப்பின் ஓரமாகவே சுற்றி அழைத்துப்போவாள். எதிரே வந்தால் இருவரில் ஒருவர் தெருவைக் கடந்துவிடுவார்கள்.

"திருட்டுப் பட்டம் எனக்கு வரட்டும்," என்றாள் சுல்தானா. "வாயா, எடு."

வலையை நான்காக மடித்து, நடுவில் எவாந்தியாவைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் வாயா தனியாக, கால்மாட்டில் மற்ற இருவர். எவாந்தியா தரையை விட்டு எழும்பினாள். சின்ன வயதுக்குப் பிறகு அவளை யாரும் தூக்கியதில்லை. உடம்பைக் கனமில்லாமல் ஆக்க முடியுமா என்று மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க... நான் கனமா இருக்கேன்... கொஞ்சம் இறக்கி வெச்சுட்டு..."

"இன்னொரு மன்னிச்சுக்கோங்க வந்துச்சுன்னா நிஜமாவே கீழ போட்டுருவோம்," என்றாள் சுல்தானா மூச்சிரைக்க. "அறுபது வருஷமா குனிஞ்சு பூப் பறிச்ச முதுகு இது. உன் எடைக்கெல்லாம் அசராது. நீ வழியை மட்டும் சொல்லு."

எவாந்தியா வழி சொன்னாள். மல்லாந்து கிடந்ததால் பாதை தெரியவில்லை. மேலே கிளைகள்தான் தெரிந்தன. அந்த மரங்களின் அடிப்பாகம் ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. உச்சிகளை அவள் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பூத்திருந்தன. பொடிப்பொடியான வெள்ளைப் பூக்கள் அவள் முகத்தில் உதிர்ந்தன. வலி இருந்தது. ஆனாலும், "இடது பக்கம்... இப்ப ஒரு வளைஞ்ச மரம் வரும், அதுக்குப் பின்னால..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழுதாள். வாயா வலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

நான்காவது அடுக்கில் டோம்னா எதிரே வந்தாள். கூட ஒரு ஆள். எவாந்தியா அவனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் வலையில யாரு?" என்றது ஸ்தமாத்திஸின் குரல்.

"நான்தான்," என்றாள் எவாந்தியா கண்ணைத் திறக்காமலே.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. பிறகு அவன் சொன்னான்:

"யாருங்க இதை இப்படிப் பிடிச்சது? ஓரத்தைப் பிடிச்சா பிரிஞ்சிரும். ரெண்டு சுத்து சுத்தி முஷ்டியில பிடிங்க. இந்த முனையை இங்க கொடுங்கம்மா."

வாயாவின் பக்கத்தில் வந்து தோள் கொடுத்தான். பத்தடி போனதும் நின்றான். வழக்கமான பாதை அங்கே வலப்பக்கம் திரும்பி, செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும். வலையோடு அதில் ஏறினால் ஒருவராவது உருளாமல் இருக்க முடியாது. நேரே போனால் அவனுடைய தோப்பின் நடுப்பகுதி, சமதளம், அப்புறம் தார்ச்சாலை. நடுவில் மார்பளவு உயரச் சுவர்.

ஸ்தமாத்திஸ் வலையை மெல்ல இறக்கச் சொன்னான். சுவரருகே போய் மேல்வரிசைக் கல்லை எடுத்துக் கீழே வைத்தான்.

"வேணாம்ணே!" என்றாள் எவாந்தியா. "சுத்திப் போயிருவோம். போன வருஷம்தானே கட்டினீங்க, மார்ச் மாசம் பூரா..."

"பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

"ஓரமாப் போறப்போ தெரியும்ல."

"நான் கட்டினதுதானே. எடுக்கவும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டுப் படு."

நான்கு பெண்களும் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றி வாங்கினார்கள். சுல்தானா ஒவ்வொரு கல்லுக்கும் ஏதோ ஒரு குறை சொன்னாள். "ஏம்ப்பா, இது செவுரா கோட்டையா? துருக்கிக்காரன் வருவான்னு கட்டினியா?" என்றாள். "இல்லம்மா, இவ வருவான்னு கட்டினேன்," என்றான் ஸ்தமாத்திஸ், முகத்தில் சிரிப்பில்லாமல். அரை மணி நேரத்தில் ஆள் நுழையும் அகலத்துக்குச் சுவர் திறந்தது. அதன் வழியே எவாந்தியாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

அன்று மாலையே படகில் பக்கத்துத் தீவான கோர்ஃபுவின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, அறுவை சிகிச்சை. கூட வர யாருமில்லை என்று எவாந்தியா தாதியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுல்தானா பையோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற மூவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டாளாம்.

மூன்று நாள் இருந்தாள். சூப்பை ஆற்றிக் கொடுத்தாள். தலையில் சிக்கியிருந்த ஆலிவ் பூக்களை எடுத்துவிட்டுச் சீவினாள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி வந்து, கட்டுப் போடாத காலைக் கழுவிவிட்டாள்.

"நான் உங்களுக்கு யாரு? இவ்வளவும் எதுக்கு எனக்காக?" என்று கேட்டாள் எவாந்தியா.

"என் தொப்பிக்காகக் குதிச்சியே, அப்ப நான் உனக்கு யாரு?"

சுல்தானா பாதத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என் வீட்டுக்காரர் படுத்த வருஷம், எங்க வயல்ல பூ பூத்து நின்னுச்சு. ஒரே நாள்தான் தாங்கும் அந்தப் பூ. நான் ஆஸ்பத்திரியில. திரும்பி வந்து பாத்தா வயல் காலி. திருடிட்டாங்கன்னு நினைச்சேன். வீட்டுக்குள்ள போனா, மேசை நிறையக் காயவெச்ச பூ. இந்த மூணு பேரும் பறிச்சிருக்காளுங்க. அதுல வாயாவுக்கும் எனக்கும் அப்ப பேச்சே கிடையாது."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"என்னத்தச் சொல்றது. வெக்கமா இருந்துச்சு. ரெண்டு மாசம் ஒளிஞ்சு திரிஞ்சேன். அப்புறம் போய்ச் சொன்னேன், நல்லா இருங்கடின்னு. வாயா ஒரு தட்டுல சாப்பாடு போட்டா."

அன்று எவாந்தியா அவள் கையைப் பிடித்து, "நன்றிம்மா," என்றாள். சுல்தானா, "சரி சரி, அந்தக் காலை நீட்டு," என்று மூக்கை உறிஞ்சினாள்.

அந்தக் கோடைக்கால வேலை முழுக்கப் போயிற்று. ஆனால் வீட்டு வாசலில் ஒருநாள் விறகு அடுக்கியிருந்தது; ஒருநாள் கத்தரிக்காய்; ஒருநாள் யாரோ மழைத்தொட்டியைக் கழுவி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். யாரென்று அவள் கேட்டு அலைந்து, கண்டுபிடித்து, ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னாள். முதலில் நாக்கு எழவில்லை. போகப் போக வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கைத்தடியோடு மெல்ல நடந்து ஸ்தமாத்திஸின் தோப்புக்குப் போனாள். அவன் மரத்தடிகளில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். பிரித்த சுவர் அடைக்கப்படவில்லை. திறப்பின் இருபக்கமும் கல்லைச் சீராக முடித்து, உள்ளே தரை சற்று மேடு என்பதால் நடுவில் மூன்று படிகள் வைத்திருந்தான். நல்ல அகலமான படிகள்.

"அண்ணே," என்றாள். "அன்னிக்குச் செஞ்சதுக்கு நன்றி. உங்களைக் கேக்காம மரத்துல சாயம் அடிச்சது தப்புதான். நாலு வருஷமா தெரியும், சொல்லல."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

"நான் காப்பிக்கடையில அத்தனை பேர் முன்னால கத்தியிருக்க வேண்டியதில்ல," என்றான். பிறகு, "படி உயரம் சரியா இருக்கா? உனக்குத்தானே ஆளுங்களைப் பத்தித் தெரியும். வயசானவங்க ஏறுவாங்களா?"

எவாந்தியா கைத்தடியை ஊன்றி ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாள். "ஏறுவாங்க," என்றாள்.

அவன் நிழலில் துணியை விரித்து ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி எல்லாம் எடுத்து வைத்தான். சாப்பிடும்போதே அவள் க்ரோகோஸுக்குப் போன் போட்டாள். "எங்க இருக்க?" என்றாள் சுல்தானா. சொன்னதும், "அவன்கிட்ட கொடு," என்றாள்.

ஸ்தமாத்திஸ் போனைக் காதில் வைத்ததும் எடுத்த எடுப்பில், "அம்மா, என் வலையில ரெண்டு ஓட்டை போட்டுட்டுப் போயிட்டீங்க!" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த எவாந்தியாவுக்கே கேட்டது. அவன் விடவில்லை, சுல்தானாவும் விடவில்லை. தக்காளிச் சாறு முழங்கைவரை வழிய, எவாந்தியா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.