மூணாவது கடைச் சிம்னி

1

இந்தக் கதை ஒரு விரிசல்ல ஆரம்பிச்சுது. ஆஸ்திரேலியாவுல பல்லாரட்னு ஒரு பழைய தங்கச் சுரங்க ஊரு, அங்க நான் மதியம் சாண்ட்விச் வாங்குற கடையில வரிசைல நின்னப்ப சுவத்துல பாத்தேன். விரல் உள்ள போகும். யாரும் அதைப் பத்திப் பேசல. விரிசல் நிஜம். மத்ததெல்லாம் நான் கட்டினது.

முதல்ல இப்படித்தான் எழுதினேன்: "1887ல, தங்கம் புரண்ட காலத்துல, கம்பீரமான அஞ்சு கடைகள்..."

அடிச்சுட்டேன். கம்பீரமெல்லாம் தெருவைப் பாத்த முகத்துக்கு மட்டும்தான். உச்சில சுண்ணாம்புப் பூவேலை, ஜாடி, கட்டினவன் பேரு. கொல்லைப்பக்கம் போனா ஈரச் செங்கலும் துருப்பிடிச்ச தகரமும். அஞ்சு கடைன்னு பேரு, ஆனா ஒரே கட்டிடம். ரெண்டு கடைக்கு நடுவுல ஒரே சுவர், கணப்புப் புகை போக ஒரே செங்கல் சிம்னி. ஒருத்தர் கைவெச்சா பக்கத்துல மண்ணு கொட்டும்.

2

மூணாவது கடை நோலீனோடது. அறுபத்திரண்டு வயசு, சாண்ட்விச் போடுறா. நாலாவதுல மெர்வ், பழைய சாமான் விக்கிறவன். தூக்கம் மாடியில. கட்டில் அந்தப் பொதுச் சுவத்தை ஒட்டி.

இருபது வருஷம் முன்னாடி நோலீன் புருஷன் ராஸ், ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லன்னு, சிம்னியோட அடித்தூணைக் கீழ்த்தளத்துல மட்டும் இடிச்சு எடுத்தான். ஒரு சனி ஞாயிறு, ஒரு பெட்டி பீர், ஒத்தாசைக்கு மெர்வ். இந்த ஊர்ல பாதி வேலை அப்படித்தான் நடக்கும். மேல இருக்குற அத்தனை செங்கலும் ரெண்டு மரக்கட்டைல நிக்குது. ராஸ் போய்ச் சேந்துட்டான்.

(ராஸைக் குடிகாரனா எழுதிப் பாத்தேன். கோபப்பட வசதியா இருந்துச்சு. ஆனா அவன் நல்லவன், அவசரக்காரன். அவ்வளவுதான்.)

3

வியாழக்கிழமை கடைச் சுவத்து விரிசலைப் பாக்க நகராட்சி இஞ்சினியர் வர்றாரு. புதன் சாயங்காலம் நோலீன் ஆரம்பிச்சா.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன் மெர்வ்."

"என்னத்த?"

"நீயும் ராஸும் பண்ணின கூத்த."

"திடீர்னு என்ன, சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தியா?"

"உன் தலைமாட்டுலதான்யா தொங்குது."

"இருபது வருஷமா தொங்குது. என் பொண்டாட்டி நாலே வருஷத்துல ஓடிட்டா. எது உறுதின்னு நீயே சொல்லு."

அவ சிரிக்கல. "போன மாசம் விரிசல் இவ்ளோ இல்ல."

"சொன்னா அஞ்சு கடையையும் பூட்டுவாங்க. நீ மக வீட்டுக்குப் போயிடுவ. நான்? இந்த வாடகைக்கு நாய்க்கூடு கூடக் கிடைக்காது. வாய மூடிக்கிட்டு முட்டை ரோல் போடு." அப்புறம், "கெஞ்சிக் கேக்குறேன் நோலீன்"ன்னான்.

இத்தனை வருஷத்துல அவன் கெஞ்சி அவ பாத்ததில்ல.

4

இஞ்சினியர் சுவத்தைத் தட்டிப் பாத்தாரு. "கீழ பழைய சுரங்கம் இறங்கியிருக்கும்"னாரு. இங்க எந்தச் சுவர் வெடிச்சாலும் பழி சுரங்கத்து மேலதான். பேனாவை எடுத்தாரு.

"வழக்கமாக் கேக்குறதுதான். இந்தச் சுவத்துல யாராச்சும் கைவெச்சதுண்டா?"

வாசல்ல மெர்வ் நின்னு அவளையே பாத்துட்டிருந்தான்.

நோலீன் வாயைத்

[இங்க நின்னுட்டேன். மூணு வாரமாச்சு.]

5

சிம்னி இடிஞ்சு விழுற முடிவை எழுதிக் கிழிச்சுட்டேன். தீர்ப்பு சொல்ற வேலையைச் செங்கல் கிட்ட விடக் கூடாது.

அவ சொல்லிட்டான்னு எழுதினேன். மெர்வ் ஊர்க்கோடியில ஒரு கேரவன் வண்டியில குடியிருக்கான். குளிர்காலம், நெஞ்சுச்சளி. அவ பாக்கப் போறா. உள்ள ரேடியோ ஓடுது, அவன் கதவைத் திறக்கல.

சொல்லலைன்னும் எழுதினேன். அவன் பழையபடி கிண்டலடிச்சிட்டு வர்றான். அவதான் தினம் காலைல மாடியில இருமல் சத்தம் கேக்குற வரைக்கும் ரொட்டியைத் தொடாம நிக்கிறா.

ரெண்டும் பொய்யில்ல. அதான் எனக்குத் தாங்கல. இஞ்சினியர் பேனாவும் கையுமா நிக்கிறாரு. அவ என்னைப் பாக்குறா, நான் உங்களைப் பாக்குறேன்.

யோசிச்சே சொல்லுங்க. ஆனா நீங்க சொல்ற வரைக்கும் மெர்வ் அந்தக் கட்டில்லதான் படுக்கிறான்.