அப்பா கையெழுத்து

கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் முடிந்து வந்து லட்சுமணன் அப்போதுதான் படுத்திருந்தார். கதவைத் தட்டியது பேத்தியின் வகுப்பு டீச்சர் நீலா. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மதிக்கு இப்ப உடம்பு எப்படி இருக்குங்க ஐயா?"

"அதுக்கு இன்னாம்மா? நல்லாத்தான் கீது. நான் வரசொல்லோ தெருமுனைல எதுக்கால வந்துச்சே, ஸ்கூலுக்குப் போறேன்னு கைய ஆட்டினு போச்சு."

"அவ ஸ்கூலுக்கு வந்து பத்தொன்பது நாளாச்சு. தினமும் மெசேஜ் அனுப்பினோமே."

எந்த நம்பருக்கு என்று கேட்டார். டீச்சர் ஃபோனைப் பார்த்துப் படித்துக் காட்டினாள். அது அவருடைய மகள் மகிமாவின் நம்பர். மகிமா மஞ்சள் காமாலையில் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த வருடமே மருமகன் அன்புமணி வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக வந்த மதியை லட்சுமணனும் தாயம்மாவும்தான் வளர்த்தார்கள். தாயம்மா விடியற்காலையிலேயே கேன்டீன் வேலைக்குப் போய்விடுவாள். அவர் வீடு திரும்பும் நேரத்தில் மதி கிளம்பியிருப்பாள்.

"பப்ளிக் எக்ஸாமுக்கு வெள்ளிக்கிழமை பேர் அனுப்பணும். இவ்ளோ லீவ் இருந்தா ஹெட்மிஸ் அனுப்ப மாட்டாங்க," என்றாள் டீச்சர். "திருவொற்றியூர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டில ஏறினதைக் கூடப் படிக்கிற பொண்ணு பாத்திருக்கா. அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

அந்த வழியில், அத்திப்பட்டில் யார் இருப்பது என்று லட்சுமணனுக்குத் தெரியும்.

அன்புமணி அங்கே அனல்மின் நிலையத்தில் கான்டிராக்ட் வேலை பார்த்தான். அவன் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. எதிரே மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் யூனிஃபார்மோடு மதி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ரிப்பன் கட்டிய சடையில் சாம்பல் படிந்திருந்தது.

அவளை அடிக்கத்தான் கை ஓங்கினார். அவள் விலகவில்லை. கை தானாக இறங்கிவிட்டது.

"இங்க இன்னாம்மா பண்ற?"

பையிலிருந்து பப்ளிக் எக்ஸாம் ஃபாரத்தை எடுத்துக் காட்டினாள். "அப்பா கையெழுத்து வாங்கினு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்னு டீச்சர் சொல்ட்டாங்க. அப்பா நாளிக்கு வா, நாளிக்கு வான்னு சொல்லிகினே கீது."

"என்னாண்ட குடுத்தா நான் போட மாட்டனா?"

"அப்பா அம்மாவத் தவிர யாரு போட்டாலும் செல்லாதாம்."

லட்சுமணன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது நாள். இந்தப் படியில், இந்த வெயிலில்.

இரண்டு மணிக்கு அன்புமணி ஷிஃப்ட் முடிந்து வந்தான். மாமனாரைப் பார்த்ததும் வண்டியைக்கூட நிறுத்தாமல் திரும்பிவிடலாமா என்று யோசிப்பதுபோல் நின்றான்.

"ஒரே ஒரு கையெழுத்து நைனா," என்றார் லட்சுமணன். "வேற எதுவும் உன்னக் கேக்க மாட்டேன். புள்ள பரீட்ச எழுதணும்."

"இன்னிக்கு இதப் போட்டா நாளிக்கு இன்னொன்னு தூக்கினு வருவீங்க மாமா. இங்க எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. வூட்ல தினம் சண்ட. அந்தப் பொண்ண இங்க அனுப்பாதீங்க."

"அந்தப் பொண்ணா? உன் பொண்ணுடா அது."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வாசலை நோக்கி நடந்தான். லட்சுமணன் அவன் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார். அப்படியும் அவன் நிற்காததால் குனிந்து காலைத் தொடப் போனார். அன்புமணி காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டான்.

மதி வந்து தாத்தாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "வா தாத்தா. போலாம்."

ரயிலில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நான் இனிமே படிக்கல."

பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஹெட்மிஸ் அறையில் லட்சுமணன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நீலா டீச்சர் சுவரோரம் நின்று கேட்டாள்.

"கிளாஸ் மொத்தத்துக்கும் பொதுவாச் சொன்னேன் மேடம். இவ வீட்டு விஷயம் எனக்கு ஞாபகமில்ல," என்றாள்.

ஹெட்மிஸ் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "நீங்கதான் வளக்கறீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அது போதும். ஆனா பேர அனுப்பினாலும் இவ்ளோ லீவுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும். கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. நாளைலேர்ந்து ஒரு நாள்கூட லீவ் எடுக்கக்கூடாது."

மறுநாள் மதி எழுந்திருக்கவில்லை. தாயம்மா வேலைக்குப் போகாமல் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். லட்சுமணன் தலைவாரிவிடத் தெரியாமல் தலைவாரிவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி எங்கேயாவது போய்விடுவாளோ என்ற பயத்தில் மாலை வரைக்கும் பள்ளி கேட் அருகிலேயே நின்றார். அடுத்த நாளும் நின்றார். தூக்கமில்லாமல் யார்டில் கண்ணயர்ந்ததால் பன்னிரண்டாம் நாள் வேலை போனது.

அனுமதி வந்ததை மூன்று வாரம் கழித்து நீலா டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னாள். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலின் நகலையும் கொடுத்துவிட்டுப் போனாள். லட்சுமணன் விரலை வைத்துத் தேடி மதியின் பெயரைப் படித்தார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மதி வெகுநேரம் பார்த்தாள்.

"பக்கத்துல அப்பா பேரு போட்டுகீது."

"ஆமாம்மா. அப்டித்தான் போடுவாங்க."

"அத்த அடிச்சிட்டு உன் பேரு போட முடியாதா?"

நாளைக்கு டீச்சரிடம் கேட்பதாகச் சொன்னார். மதி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். லட்சுமணன் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் அவள் பக்கத்தைத் திருப்பவில்லை.