பால் தயிராகாத பன்னிரண்டடி

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, பன்னிரண்டடி நீளமும் ஒன்பதடி அகலமும் உள்ள ஒரு துண்டு முற்றத்தில் பால் தயிராகாது. காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மூடிவைத்து, நாற்பத்து மூன்று நாள் காத்திருந்தாலும் ஆகாது. நாற்பத்து நான்காம் நாள் திறந்து பார்த்தால் அன்று காலை கறந்த பால் மாதிரி இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். சுகாதார ஆய்வாளர் தம் கையாலேயே அளந்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, பதிவேட்டில் ஏற்றிய விஷயம் இது. கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிவைத்தால் வழக்கம்போல உறையும். இப்போது இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆரம்பத்தில்தான் கொஞ்சம் சண்டை நடந்தது.

அந்த மூன்றாம் மாடியில் இருப்பவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்புக்காரி. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, போகிற வழியில் எங்கெங்கே நிற்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. சின்ன வயதில் வந்த கக்குவான் இருமல் போகும்போது சும்மா போகாமல் அவளுடைய மூச்சுக்குழல்களைத் தளர்த்திவிட்டுப் போயிற்று. பழைய காலுறையின் ரப்பர் மாதிரி, விரிந்தவை விரிந்தபடியே நின்றுவிட்டன. அங்கே சளி தேங்கியது, சளியில் ஒரு கிருமி குடியேறியது, என்ன செய்தும் காலி செய்ய மாட்டேன் என்றது. தன் உடம்பை அளக்க அவளிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. இருபத்திரண்டு நிறுத்தமுள்ள ஒரு நீளமான தடம். அதன் ஊர்ப்பெயர்களில் எத்தனையை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் பதினான்கு. முப்பத்தைந்து வயதில் நான்கு. ஐந்தாவது ஊரில் இறங்க வேண்டியவர்கள் வண்டியைத் தவறவிட்டு அறிவிப்பு அறையின் கதவை வந்து தட்டுவார்கள். மேலதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் அவரும் எத்தனை நாளைக்குத் தாங்குவார்? குரல் போனால் வேலை போகும், மூச்சு போனால் எல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

நுரையீரல் மருத்துவர் கடைசியில் ஒரு தூள் மருந்தை எழுதிக்கொடுத்தார். காலையும் மாலையும் அதை உப்புநீரில் கரைத்து, நெபுலைசரில் ஊற்றி, புகையாக இழுக்க வேண்டும். கரைக்கும் பொறுப்பு கணவனுடையது. அவன் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன், தெருவில் கலர்க்காரன் என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக டப்பாவைக் கையில் எடுத்தால் குலுக்கியே பழகியவன். செவிலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், "குலுக்காதீங்க சார், குப்பிய உள்ளங்கைல வச்சு உருட்டணும்" என்று. முதல் நாள் காலையிலேயே கை பழக்கத்தில் குலுக்கிவிட்டான். குப்பி முழுக்க நுரை. நுரை அடங்க நாற்பது நிமிஷம் பிடித்தது. அதுவரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சின்னக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு பத்து வண்டி அன்று அறிவிப்பில்லாமல் அநாதையாகக் கிளம்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் உருட்டக் கற்றுக்கொண்டான். சோப்புப் போட்டுக் கை கழுவுவான், மேஜையைத் துடைப்பான், சிரிஞ்சில் உப்புநீரை இழுத்துக் குப்பியின் சுவரோரமாக இறக்குவான், பிறகு குளிருக்குக் கை தேய்ப்பவன்போல உருட்டிக்கொண்டே இருப்பான். அதற்குள் அவள் மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்தை இழுத்து, குனிந்தும் படுத்தும் சளியை எடுத்துவிட்டுத் தயாராக வந்து உட்காருவாள்.

அவள் வெளியே விடும் புகையை வீட்டில் மற்றவர்கள் சுவாசிக்கக் கூடாது என்பதால், ஒரு நெளிநெளிக் குழாயை மாட்டி அதன் மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். புகை பொதுவாக மேலே போகும். இந்தப் புகை கீழே இறங்கியது. இறங்கி, தரைத்தளத்தில் தயிர் விற்கும் அம்மாவின் இருபத்திரண்டு பானைகள்மேல் உட்கார்ந்தது.

முதல் நாள் பால் உறையாதபோது தயிர்க்காரம்மா உறைமோரைக் குறை சொன்னாள். இரண்டாம் நாள் மாட்டைச் சொன்னாள். மூன்றாம் நாள் பால் கொண்டுவருபவனை நிற்கவைத்து வறுத்தெடுத்தாள். நான்காம் நாள் காலை தற்செயலாக நிமிர்ந்தவள் குழாயைப் பார்த்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி (அந்த வீட்டில் யாராலும் முடியாத காரியம் அது), கதவைத் தட்டாமலேயே உள்ளே போனாள்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடணும்னு எத்தனை நாளா கிளம்பியிருக்கீங்க?"

அறிவிப்புக்காரியின் வாயில் குழல் இருந்தது, பேசக் கூடாது. கண்ணால் கெஞ்சினாள். கலர்க்காரன் சைகையால் நாற்காலியைக் காட்டினான். இருபது நிமிஷம் தயிர்க்காரம்மா திட்டவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மெஷின் கடகடவென்று ஓடுவதையும், புகை உள்ளே போவதையும், எதிரில் இருப்பவளின் கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் புடைப்பதையும் பார்த்தாள். மெஷின் நின்றதும் அவள் கேட்டது வேறு.

"தினமும் இப்படியா கண்ணு?"

"ரெண்டு வேளை, அக்கா. ஆயுசுக்கும்னு சொல்லியிருக்காங்க."

"கர்மம். சரி, பானைய நான் எதிர்ச்சுவருக்கு நகர்த்திக்கறேன். இடமா இல்ல?"

சண்டை அத்தோடு முடிந்தது. அதன் பிறகுதான் அந்த இடத்தின் மற்ற குணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. நறுக்கிய ஆப்பிள் துண்டு ஒரு மாதம் வெள்ளையாகவே கிடந்தது. செருப்பு தைப்பவர் மறந்துவைத்துவிட்டுப் போன பசை ஆறு வாரம் கழித்தும் ஈரமாக இருந்தது. மாடிப்படிக்கடியில் குடியிருந்த சகலைகள் இருவர் ஒரு சைக்கிள் விஷயமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நின்ற இடம் அந்தத் துண்டு முற்றமாக அமைந்துவிட்டதால், சண்டை முற்றவும் இல்லை, தணியவும் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் சாயங்காலம் விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஆய்வாளர் வந்து கோடு போட்டார். "சட்டத்துல இதுக்கு அனுமதி இல்ல. தடையும் இல்ல. நான் என்ன பண்ண?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் எல்லாரும் பாலை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேலே அறிவிப்புக்காரி ஏழு ஊர் சொன்னாள், ஒன்பது சொன்னாள், இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரே மூச்சில் பதினொன்று சொன்னாள். பயணிகள் ஒழுங்காக வண்டி ஏறினார்கள். இப்படி ஆறு வருஷம் போயிற்று.

ஏழாவது வருஷம் ஒரு காலை, கோட்டுக்குள் யாரோ வைத்திருந்த செம்புப் பால் திரிந்திருந்தது. முதலில் பார்த்தவள் தயிர்க்காரம்மா. முகர்ந்து பார்த்தாள், புளித்த வாடை. வாழ்நாள் முழுக்க அந்த வாடையை நம்பியே பிழைத்தவள், அன்று அதை மறைக்கப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் செம்பைக் கழுவி வைத்துவிட்டுத் தன் பாலை ஊற்றி நிரப்பினாள். மறுநாளும் திரிந்தது. அதற்கடுத்த நாள் கலர்க்காரன் வேலைக்குப் போகும்போது வழிமறித்தாள்.

"தம்பி, மேல அவளுக்கு எப்படி இருக்கு?"

"சளிதான்கா, கொஞ்சம் கூட இருக்கு. பருவம் மாறுதுல்ல."

"பருவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பால் திரியுது. ரெண்டு நாளா. என்னால வாயத் தொறந்து சொல்ல முடியல."

அவன் வேலைக்குப் போகவில்லை. திரும்ப மாடியேறி, காலைக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தான்தான் ஏதோ அசதியில் குலுக்கிவிட்டோம், தன் கைதான் துரோகம் செய்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான். மருத்துவர் அப்படி இல்லை என்றார். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் யாருக்கும் பழகத்தானே செய்யும். பரிசோதனைக்கூடமும் அதையே சொல்லிற்று, ஆனால் பத்து நாள் கழித்து. பால் முந்திக்கொண்டது. அறிவிப்புக்காரி அந்த வாரம் மூன்று ஊருக்கு மேல் சொல்ல முடியாமல் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அறையைச் சாத்திக்கொண்டு அழுதாள். பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. அவளுக்குப் பதிலாக வந்தவன் ஊர்ப்பெயர்களை வரிசை மாற்றிச் சொன்னான், பாதிப் பேர் எதிர்த்திசை வண்டியில் ஏறினார்கள்.

முற்றமும் சாதாரண முற்றமாயிற்று. ஆப்பிள் கறுத்தது. பசை இறுகியது. சகலைகளின் சண்டை ஒரே வாரத்தில் பொங்கி, கன்னத்தில் ஓர் அறை விழுந்து, முடிந்தும் போயிற்று. சைக்கிளை முறைபோட்டு ஓட்டுகிறார்கள். தயிர்க்காரம்மாவைப் பலர் கேட்டார்கள், இனிமேல் பானைகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாமே, அங்கேதானே வெயில் நன்றாக விழுகிறது என்று. அவள் கொண்டுவரவில்லை. "அது அவ இடம். இருக்கட்டும்" என்றாள். கேட்டவர்களை ஒரு முறை முறைக்கவும் செய்தாள்.

வேறொரு மருந்தோடு அறிவிப்புக்காரி வீடு திரும்பினாள். இதுவும் தூள்தான், ஆனால் குலுக்கினாலும் நுரைக்காதாம். மருத்துவர் கையை விரிக்கவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை. "கேட்டா கேக்கும். இது கேக்கலைன்னா, அடுத்து என்கிட்ட வேற பெருசா இல்லம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தார். கலர்க்காரன் அதையும் உருட்டித்தான் கரைத்தான்.

அன்று மாலை தயிர்க்காரம்மா ஒரு கிண்ணம் பாலைக் காய்ச்சி, ஆற்றி, தன்னிடமிருந்த மிக நல்ல உறைமோரை ஊற்றி, குழாய்க்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலை கிண்ணத்தைச் சாய்த்தாள். தயிர் அசையவில்லை, கத்தியால் வெட்டலாம்போல இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தயிரை அவள் தோய்த்ததில்லை. சாக்கடையில் கொட்டினாள். இரண்டாம் நாளும் தயிர். மூன்றாம் நாளும். நான்காம் நாள் கிண்ணத்தைக் கொட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பால்காரன் பார்த்தான். மேலேயிருந்து இருவரும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். அவள் நிமிராமலே உள்ளே போய்விடுவாள். எட்டாம் நாள் தயிர் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் தளர்ந்த தயிரும் தயிர்தான்.

ஒன்பதாம் நாள் காலை அவள் கிண்ணத்தைச் சாய்த்தபோது பால் விரலிடுக்கில் வழிந்து ஓடிற்று. நக்கிப் பார்த்தாள். இனிப்பு. முற்றத்தின் நடுவில் நின்று, தயிர் விற்கும் எந்தப் பெண்ணும் இதுவரை கத்தியிராத ஒன்றைக் கத்தினாள்.

"உறையலடி! கண்ணு, உறையவே இல்லடி!"

ஜன்னலில் கலர்க்காரன் தலை தெரிந்தது. அவள் உள்ளே குழலை வாயில் வைத்திருக்கிறாள், இப்போது பேச முடியாது என்று சைகை செய்தான். தயிர்க்காரம்மா காத்திருந்தாள். இருபது நிமிஷம், கையில் கிண்ணத்தோடு, வாடிக்கைக்காரர்களைக்கூடக் கவனிக்காமல். பிறகு மேலே மெஷின் நின்றது, யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஒலிபெருக்கியில் வருகிற அந்தக் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் இறங்கிவந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. கீழ்வீட்டு அக்காவின் தயிர் இன்று வராது."

தெருவே சிரித்தது. குரல் நிற்காமல் அதே மூச்சில் நீளத்தடத்தின் ஊர்ப்பெயர்களை ஆரம்பித்தது. தயிர்க்காரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. மடக்க விரல் இல்லாமல், பக்கத்தில் நின்ற பால்காரனின் கையைப் பிடித்து இழுத்து அவன் விரலை மடக்க ஆரம்பித்தாள்.

மறுவாரம் ஆய்வாளர் வந்து சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பித்தார். அகலம் பழைய ஒன்பதடிதான், நீளம் ஓரடி கூடியிருந்தது. பதிவேட்டில் பன்னிரண்டை அடித்துப் பதின்மூன்று என்று எழுதினார். தயிர்க்காரம்மா கடைசிப் பானையை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டாள்.